பயிர் போன பிறகு தோட்டத்துக்குள் எப்படிக் கால் வைப்பது?

கேள்வி, மார்ச் 2, காலை

மூன்று பருவமாக ஒரே கதை. முதல் தடவை வெயில்: தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டியது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. இரண்டாம் தடவை காற்று: புடலைப் பந்தல் காயோடு சாய்ந்தது. இந்தத் தடவை ஆறு நாள் விடாத மழை. ஒரே நாளில் நட்ட 32 தக்காளிச் செடிகள், முதல் பழம் பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது மொத்தமாக வாடித் தொங்கிவிட்டன. மண்வெட்டியைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் எப்போது பார்த்தாலும் எதையாவது நட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் இந்த ஊக்கம் எங்கிருந்து வருகிறது? இல்லை, எங்களிடம் சொல்லாமல் நீங்களும் கடையில்தான் வாங்குகிறீர்களா?

மார்ச் 2, இரவு

கடையில்தான் வாங்குகிறேன், வருடத்தில் பாதி நாள்.

ஊக்கத்தை விடுங்கள். நாளைக்கே ஒரு முழம் அகலத்துக்கு மண்ணைக் கிளறி முளைக்கீரை விதை தூவுங்கள். நாலைந்து நாளில் முளை தெரியும், 25 நாளில் பறிக்கலாம். விதை போட்டதிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து தோற்றவர் கையில் மறுபடி ஒரு மூன்று மாதப் பயிரைக் கொடுக்கக் கூடாது.

மார்ச் 3

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். ஆறு நாள் மழை குடித்த மண்ணை நாளைக்கே கிளறு என்று சொல்லியிருக்கிறேன். கிளறாதீர்கள். ஈர மண்ணை வெட்டினால் கட்டிகட்டியாக இறுகிவிடும், காய்ந்த பிறகு செங்கல் மாதிரி ஆகும், அடுத்த பயிருக்கும் சேர்த்துத்தான் அது கேடு. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். விரலால் குத்தினால் உதிர வேண்டும். உள்ளே அமுங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. அதுவரைக்கும் கீரையை ஒரு தொட்டியிலோ ஓட்டை போட்ட பழைய பெட்டியிலோ போடுங்கள்.

இன்னொன்று. "ஊக்கத்தை விடுங்கள்" என்று அலட்சியமாக எழுதியதும் தப்பு. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரும் பொன்மொழி மாதிரி இருக்கிறது. 32 செடி போனவரிடம் அப்படிப் பேசக் கூடாது.

மார்ச் 4

சரி, என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு வீட்டுக்குப் பின்னால் 10 மீட்டருக்கு 4 மீட்டர் இடம். நான்காம் வருடமோ ஐந்தாம் வருடமோ, கத்தரியும் மிளகாயும் நன்றாக வந்திருந்த நேரம். மத்தியானம் ஆலங்கட்டி மழை. கால்மணி நேரம்கூட இருக்காது. நின்றதும் வெளியே போனேன். கத்தரி இலை ஒவ்வொன்றும் நரம்பு மட்டும் மிச்சமாகிச் சல்லடையாக இருந்தது. மிளகாய்த் தண்டில் ஒரு பக்கமாகப் பட்டை உரிந்து, உள்ளே வெளிறிய பச்சை ஈரமாக மின்னியது. கீழே உதிர்ந்து கிடந்த பூக்களின் மேல் ஐஸ் இன்னும் கரைந்துகொண்டிருந்தது. நறுக்கிய பச்சை மிளகாயின் வாசம் இடம் முழுக்க. அந்த வாசம் மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டேன். கோபம். யார் மேல் என்று கேட்டால் தெரியாது. வேரோடு இழுக்க இழுக்க ஒரு திருப்தி இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே மழை, அதே அடி. அவர் அந்த வாரம் யாரையோ பார்க்க வெளியூர் போக வேண்டியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது ஒவ்வொரு மொட்டைக் கத்தரியிலும் கணுவுக்குக் கணு தளிர். இரண்டு மாதம் கழித்து எனக்கே ஒரு பை கத்தரிக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அந்தக் காயை வெட்டும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பயிரை அடித்தது ஆலங்கட்டி, அழித்தது என் கை. அதிலிருந்து ஒரு பழக்கம்: அடி வாங்கிய செடியைப் பத்து நாள் தொடுவதில்லை. சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டுவேன், முறிந்து தொங்குவதை வெட்டுவேன். பிடுங்க மட்டும் மாட்டேன்.

மார்ச் 5

நியாயமான கேள்வி ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: பத்து நாள் விட்டால் நோய் பரவாதா? பரவும். நேற்றுச் சொன்ன பழக்கம் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும்தான்.

மழையும் குளிர்ச்சியும் சேர்ந்து நாலு நாள் நின்ற பிறகு தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் எண்ணெய் பட்டது போலக் கரும்பச்சைத் திட்டு வந்து, அது பழுப்பாகி, விடியற்காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பின்பருவ இலைக்கருகல். அதற்குப் பத்து நாளெல்லாம் கிடையாது, அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் சாகக் காரணமான அதே கிருமிதான் இது. நம் 32 செடிக்கு அது விலக்கு அளிக்காது.

மார்ச் 6

உங்கள் தக்காளி வாடியது அந்த நோயால் இல்லை என்று நினைக்கிறேன். இலையில் திட்டு இல்லை என்கிறீர்கள், பச்சையாகவே தொங்கியது என்கிறீர்கள். அது வேர் மூச்சுத் திணறல்.

மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கிறது. வேர் அதிலிருந்துதான் மூச்சு விடுகிறது. மழை நின்று தேங்கினால் அந்த இடமெல்லாம் தண்ணீர். ஆக்சிஜன் இல்லாத வேர் தண்ணீரை இழுக்காது. அதனால்தான் முழங்கால் சேற்றில் நிற்கிற செடி, தண்ணீரே பார்க்காதது மாதிரி வாடுகிறது. தக்காளியில் இன்னொரு கூத்தும் உண்டு: மூச்சு முட்டிய வேரிலிருந்து மேலே போகும் ஒரு பொருள் இலையில் எத்திலீன் என்ற வாயுவாக மாறும், அது இலைக்காம்பைக் கீழே வளைத்துவிடும். குடையை மடக்கினது போல் செடி நிற்கும்.

இதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஐயோ, வாடுகிறதே" என்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்த மறுநாள். வீட்டில் இதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஒரு செடியை மட்டும் பலி கொடுத்துத் தோண்டிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, இழுத்தால் விறைப்பாக இருந்தால் மிச்சமெல்லாம் தேறும். பழுப்பாகி, விரலால் நீவினால் மின்கம்பியின் உறை கழன்று வருவது போலத் தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாலே தெரியும், சாக்கடை நாற்றம்.

மார்ச் 7

பழுப்பா. சரி.

மார்ச் 9

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் என் கைராசி" என்று எழுதியிருந்தீர்கள். கைராசி என்ற சொல்லைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். முதல் சில வருடம் எது போனாலும் வானிலை. அப்புறம் எங்கேயோ எதையோ படித்துத் திருந்தி, எது போனாலும் நான். இரண்டுமே வசதியாக இருந்தன. எதையும் பிரித்துப் பார்க்கத் தேவை வரவில்லை.

இப்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு வைத்திருக்கிறேன். "வானம்", "நான்", "தெரியாது". ஒவ்வொரு இழப்பையும் ஏதாவது ஒன்றில் எழுதுவேன்.

உங்கள் முதல் பருவத்தை எடுங்கள். தக்காளிப் பூ கொட்டியது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளி திணறும், இரவில் 21, 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ வரும், காய் பிடிக்காமல் காம்போடு உதிரும். இது "வானம்" பத்தி, சந்தேகமே இல்லை. அப்போது நீங்கள் செய்த ஒரே காரியம் உரம் போட்டது என்றீர்கள். நானும் போட்டிருக்கிறேன். தழைச்சத்து கொட்டினேன், செடி என் தோள் உயரம் வளர்ந்து, காயே இல்லாமல் கம்பீரமாக நின்றது. அந்த உரம் "நான்" பத்தி. பூ கொட்டியது இல்லை.

அந்த வெயிலில் வெண்டை போட்டிருந்தால் குதூகலமாக வந்திருக்கும். வெண்டைக்குச் சூடு பிடிக்கும். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து நேராக மண்ணிலேயே ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி, நாற்றாகப் பிடுங்கி நட்டால் முறுக்கிக்கொள்ளும்.

மார்ச் 9, இரவு

இரவு 21, 24 என்று எழுதியது ரகத்துக்கு ரகம் மாறும். சிறுபழத் தக்காளி பொதுவாகப் பெரிய ரகத்தைவிடச் சூட்டைத் தாங்கும். உங்களிடம் எது என்று கேட்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

மார்ச் 21

வானத்தின் கேலிக்கும் ஒரு அளவு இருக்கிறது.

நேற்று ராத்திரி எங்களுக்குப் புயல் மழை. 90 மி.மீ. என்கிறார்கள். ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். என் இடத்தில் 360 லிட்டர் விழுந்திருக்கிறது. புடலைப் பந்தல் போய்விட்டது. மேலும் எழுத முடியவில்லை.

மார்ச் 22

3,600 லிட்டர். ஒரு பூஜ்யத்தை நான் விழுங்கிவிட்டேன், மண் விழுங்கவில்லை. குளியலறை வாளியில் 240 வாளி.

மார்ச் 29

ஒன்பது நாளாகிவிட்டது. "தேறியதா?" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். பதில் தெரியாது, ஏனென்றால் நான் இன்னும் உள்ளே போகவில்லை.

இந்த மாதம் உங்களுக்கு நான் சொன்ன எதையும் நான் செய்யவில்லை. சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டவில்லை. தோண்டிப் பார்க்கவில்லை. நோட்டை எடுக்கவில்லை. பின்கதவைத் திறந்தால் தெரியும் என்று முன்கதவு வழியாகவே குப்பையை எடுத்துக்கொண்டு சுற்றிப் போகிறேன். ராத்திரி படுக்கையில் கைபேசியில் விதைப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் எல்லாச் செடியும் நன்றாக இருக்கிறது.

ஏன் என்று யோசித்தால், பயிர் போனது இப்போது அவ்வளவாக உறுத்தவில்லை. அது அந்த ராத்திரியே போய்விட்டது. பார்க்கத்தான் பயம். பார்க்காதவரை, ஒருவேளை நாலு செடி தப்பியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வெட்கம். போனில் யார் பேசினாலும் கடைசியில் "தோட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். வாய் ஓயாமல் பேசி நானே பழக்கிவிட்ட கேள்வி. சித்தப்பாவிடம் "நல்லா இருக்கு" என்று பொய் சொன்னேன்.

நேற்று மனைவி என்னிடம் சொல்லாமல் உள்ளே போய் நாலு கத்தரிக்காய் பறித்துக்கொண்டு வந்தாள். முழுக்கச் சேறு, கழுவினால் பளபளவென்று நல்ல காய். எனக்கு என்ன வந்தது தெரியுமா? எரிச்சல். ஒன்பது நாள் கட்டிக் காப்பாற்றிய துக்கத்தைக் கெடுத்துவிட்டாளே என்று. அவள் ஒன்றும் பேசவில்லை, குழாயடியில் நின்று காம்பில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2ஆம் தேதி உங்களுக்கு எழுதிய இரண்டு வரியை இப்போது நான் படித்தால் கைபேசியைத் தூக்கி எறிவேன்.

ஏப்ரல் 1

போனேன். முட்டாள்கள் தினத்தில் என்று சிரிக்காதீர்கள்.

இருபது நிமிடம் மட்டும் என்று கைபேசியில் மணி வைத்துக்கொண்டு போனேன். சரிசெய்யப் போகவில்லை, அறுந்த கயிறுகளை வெட்டி எடுப்பது ஒன்றுதான் வேலை என்று முடிவு செய்திருந்தேன். பந்தல் கயிறு புடலைக் கொடியோடு பின்னிக் கிடந்தது. கத்தியால் அறுக்க அறுக்க, செத்த கொடி ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். மணி அடித்தபோது பாதிதான் முடிந்திருந்தது. வந்துவிட்டேன். மிச்சம் இருக்கிறதே என்று சாயங்காலம் தானாகவே மறுபடி போனேன்.

ஒரு தக்காளிச் செடி தரையோடு தரையாக மல்லாந்து கிடந்தது. தூக்கினேன், வரவில்லை. தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் எல்லாம் வெள்ளையாக வேர் இறக்கியிருந்தது. தக்காளித் தண்டில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்குமே, அதெல்லாம் வேராகும். இது எனக்குத் தெரிந்ததுதான், நாற்றை ஆழமாக நடச் சொல்வதே இதற்காகத்தான். என்றாலும் நான் உள்ளே வராத பதினோரு நாளில் அது பாட்டுக்குப் படுத்துக்கொண்டே வேர் விட்டு, நுனியை மட்டும் வளைத்து மேலே தூக்கி வைத்திருந்தது. அப்படியே விட்டேன். தண்டின் மேல் இரண்டு கை மண் அணைத்தேன், அவ்வளவுதான்.

மொத்தம் 18 தக்காளியில் ஏழு இருக்கிறது. கத்தரி ஆறும் இருக்கிறது. புடலை ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 2

சித்தப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "தெரியும், உங்க ஊர்ல புயல்னு செய்தியில பார்த்தேன்" என்றார்.

ஏப்ரல் 4

மழை நாட்களில் படித்தது ஒன்று. 1816இல் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்து, வானத்துக்குப் போன கந்தகத் தூசி உலகத்தையே சுற்றி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வராமல் போனதாம். ஜூன் மாதத்தில் பனி விழுந்து பயிர் கருகியிருக்கிறது. மக்களுக்கு எரிமலை பற்றி ஒன்றும் தெரியாது. என்ன தப்பு செய்தோம் என்று எத்தனை பேர் தங்களையே கேட்டிருப்பார்கள்! ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு மலை வெடித்ததற்கு இங்கே ஒருவன் தன் கைராசியை நொந்துகொண்டிருப்பான்.

இதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. அப்புறம் இல்லை. அவர்களுக்கு அது அடுத்த மாதச் சாப்பாடு. ஊரை விட்டே குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். எனக்குப் போனது பத்துப் பதினைந்து கிலோ காய், கடைக்குப் போனால் கிடைக்கும். "ஒரு விவசாயி இப்படிப் பதினோரு நாள் உட்கார முடியுமா?" என்று கேட்டீர்கள். குத்தலாகத்தான் கேட்டீர்கள் என்று தெரியும். முடியாது. அவருக்கு வட்டி ஓடும். பொழுதுபோக்காகச் செய்வதால்தான் எனக்குத் துக்கம் கொண்டாட நேரம் கிடைத்தது. நம் இழப்பு சின்னது, வலி அந்த அளவுக்குச் சின்னதாக இல்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஏப்ரல் 5

தம்போரா வெடித்தது 1815 ஏப்ரல். கோடை வராதது அடுத்த வருடம், 1816. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். பூஜ்யத்துக்கு அடுத்து வருடம். உரக்கணக்கு எதுவும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 12

புதிதாகப் புடலை போட விதை தேடினால், இல்லை. இருந்த அத்தனையையும் ஜனவரியிலேயே ஆசையாசையாக ஊன்றிவிட்டேன். உங்கள் 32 தக்காளியும் ஒரே நாளில் நட்டவை என்று முதலில் சொன்னீர்கள். இருவர் வியாதியும் ஒன்றுதான். எல்லாச் செடியும் ஒரே வயதில் நின்றால், ஒரு மழை எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் பிடிக்கும். பூவில் பிடித்தால் எல்லாம் பூ, பழத்தில் பிடித்தால் எல்லாம் பழம்.

இனி மூன்று பங்கு. முதல் பங்கு இப்போது, இரண்டாவது இரண்டு மூன்று வாரம் கழித்து, மூன்றாவது டப்பாவில். இரண்டும் நன்றாக வந்தால்கூட மூன்றாவதைத் தொடக் கூடாது.

டப்பாவைத் தொடாமல் இருப்பது பற்றி: இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் 1944 வரை ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் முற்றுகையில் இருந்தபோது, அங்கே வவிலோவ் என்ற தாவர விஞ்ஞானி திரட்டிய விதைச் சேமிப்பைக் காத்த ஊழியர்களில் பலர் பட்டினியால் செத்தார்கள். சுற்றிலும் மூட்டையில் அரிசி, நிலக்கடலை. தொடவில்லை. வவிலோவ் அப்போது சிறையில். 1943இல் சிறையிலேயே இறந்துபோனார். நான் என்னடா என்றால், ஒரு பிடி புடலை விதையை இரண்டு மாதம் டப்பாவில் வைத்திருக்க முடியாதவன்.

வைக்கும்போது தேதி எழுதுங்கள். வெங்காய விதை ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. தக்காளி உலர்ந்த குளிர்ந்த இடத்தில் நாலு வருடம் தாங்கும். சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியில் பத்து விதை மடித்து வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஏப்ரல் 20

நோட்டை எடுத்தேன். புயலை எந்தப் பத்தியில் எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, "வானம்" என்று எழுதிவிட்டு மூடப்போனேன். சும்மா பின்னால் புரட்டினேன்.

வானம்: மழை, கீழ்ப்பாத்தி மிளகாய். வானம்: மழை, கீழ்ப்பாத்தி வெங்காயம். வானம்: மழை, கீழ்ப்பாத்தி தக்காளி. நாலு வருடத்தில் மூன்று தடவை. இந்தத் தடவை செத்த பதினோரு தக்காளியில் ஒன்பது எங்கே நின்றன என்று நினைக்கிறீர்கள்? மேல்பாத்தியில் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. அங்கேயும் அதே 90 மி.மீ.தான் பெய்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் பின்கட்டில் நடக்க வசதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் நடைபாதை போட்டேன். ஒரு வாளி தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தேன். நேராகக் கீழ்ப்பாத்திக்குள் ஓடியது. இத்தனை நாள் கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் நான் போட்ட பாதை வழியாகவே போய் என் செடிக் கழுத்தை நெரித்திருக்கிறது.

மார்ச் 9இல் மூன்று பத்தி என்று பெருமையாக எழுதினேனே, அதில் ஒரு சின்னத் திருத்தம்: பென்சிலால் எழுதுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டுபிடித்ததும் வருத்தம் வரவில்லை. ஓடிப் போய் மண்வெட்டியை எடுத்தேன். பாதை ஓரமாக ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வேலிப் பக்கம் திருப்பினேன். வெட்டிய மண்ணையும் மக்கையும் போட்டுக் கீழ்ப்பாத்தியை 25 செ.மீ. உயர்த்தினேன். இடுப்பு இரண்டு நாள் பேசவில்லை. வானத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாய்க்கால் வெட்ட முடியும் என்று தெரிந்ததும் கையில் ஒரு பரபரப்பு வந்தது. நீங்கள் மார்ச்சில் கேட்ட ஊக்கம் இதுதானோ என்னவோ. இல்லையென்றால் வெறும் கோபமாக இருக்கலாம், இந்தத் தடவை பிடுங்குவதற்குப் பதில் வெட்டினேன்.

ஏப்ரல் 21

"அப்படியென்றால் என் 32ம் என் தப்புதானா?" என்று உடனே கேட்கிறீர்கள். தெரியாது. ஆறு நாள் விடாத மழைக்கு மேட்டுப்பாத்திகூடச் சில சமயம் தாங்காது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கே போகிறது என்று. பார்க்கிறவரை "தெரியாது" பத்தியில் இருக்கட்டும்.

மே 3

தொட்டியில் தூவிய கீரை விதையை எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போனது என்று நீங்கள் எழுதியதைப் படித்து மன்னிக்கவும், சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெயில், காற்று, மழை, இப்போது எறும்பு. இதை எந்தப் பத்தியில் போடுவீர்கள்?

மறுபடி தூவுங்கள். கீரை விதை கடுகைவிடப் பொடி, உலர்ந்த மணலோடு கலந்தால்தான் சீராக விழும். தூவியதும் மேலே மெல்லிசாக மக்குத்தூள் சலித்து மூடி, அப்போதே பூவாளியால் நனைத்துவிடுங்கள். திறந்த மேனிக்குக் கிடந்தால் விருந்து. தொட்டியை நாலு செங்கல் மேல் வைத்துத் தண்ணீர்த் தட்டுக்குள் நிறுத்தினால் வரிசை அறுந்துவிடும்.

மே 6

தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசு வரும், மூன்று நாளைக்கு ஒரு தடவை கொட்டிவிடுங்கள். மனைவி சொல்லச் சொன்னாள்.

மே 11

படுத்திருந்த தக்காளியில் முதல் கொத்து, ஐந்து காய். இரண்டு வெடித்திருக்கிறது. இடையில் பத்து நாள் காய்ந்துவிட்டு நேற்றுத்தான் தண்ணீர் விட்டேன். அது "நான்", பேனாவாலேயே எழுதிவிட்டேன். கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன், கணுவெல்லாம் ஊதா நிறத்தில் முளைக்கிறது. அக்காவிடம் கொஞ்சம் புடலை விதை வாங்கி, பாதியை ஊன்றி, பாதியை டப்பாவில் போட்டு, டப்பாவை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

கயிறு பற்றிக் கேட்டீர்கள். நைலான் வேண்டாம், காற்றில் ஆடும்போது தண்டை அறுக்கும். பழைய பருத்தித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து எட்டு வடிவத்தில் கட்டுங்கள், ஒரு வளையம் குச்சிக்கு, ஒன்று செடிக்கு. பந்தலின் மூலைக்கால்களை வெளிப்பக்கமாகச் சாய்த்து நட்டு, இழுகயிறு கட்டுங்கள். போன தடவை நான் நேராக நட்டேன். வியாழக்கிழமை மழை என்கிறார்கள், இன்னும் இரண்டு கால் பாக்கி இருக்கிறது, இருட்டுவதற்குள் போக வேண்டும். உங்கள் கீரை முளைத்ததா?